அரைப் பேரும் முழுக் கூலியும்

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் கதையை ஓய்வுநாள் பாடசாலைக் காலத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தெரியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தோட்டச் சொந்தக்காரர் ஒருவர் விடியக் காலையில் சந்தைவெளிக்குப் போய், நாள் கூலி இவ்வளவு என்று பேசி ஆட்களைக் கூட்டி வருகிறார். ஒன்பது மணிக்கும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும் திரும்பப் போய் இன்னும் ஆட்களை எடுக்கிறார். பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் அப்பவும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்க, எங்களை ஒருத்தரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுதுபட்டதும், கடைசியாக வந்தவர்களில் இருந்து கூலியைக் கொடுக்கச் சொல்கிறார். ஒரு மணித்தியாலம் வேலை செய்தவருக்கும் முழு நாள் கூலி. விடியத் தொடங்கி வெயிலில் நின்றவருக்கும் அதே கூலி. முதலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

இதற்குப் பிரசங்கங்களில் வழமையான ஒரு விளக்கம் இருக்கு. கடைசி நேரத்தில் மனந்திரும்பினவருக்கும் பரலோகத்தில் இடம் உண்டு என்பது. அது பிழையில்லை. ஆனால் விடுதியில் கிழமைக்கு ஒருநாள் கூடி வேதம் வாசிக்கிற நாங்கள் ஏழெட்டுப் பேர் இந்த வருடம் இந்தக் கதையை எடுத்தபோது, அது பரலோகத்துக்குப் போக முதல் நுவரெலியாவில் நின்றுவிட்டது. எங்களில் இரண்டு பேர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அதில் ஒருத்தி சொன்னாள்: "அந்த அஞ்சு மணிக்கு வந்த ஆளுக்கு எங்க தோட்டத்துல அரைப் பேருகூட விழாது."

வடக்குக் கிழக்கில் வளர்ந்த எங்களுக்கு 'பேர்' என்ற சொல்லையே அவள்தான் விளங்கப்படுத்தினாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். அந்தப் பேர் விழவேண்டுமென்றால் இத்தனை கிலோ கொழுந்து எடுக்கவேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ, 20 கிலோ கேட்கிற தோட்டங்களும் உண்டு. அதற்குக் குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணிக்கு, சாக்குக்கு என்று கழிவும் போகும். வெயில் காலத்தில் செடியில் கொழுந்தே இல்லாவிட்டாலும், அட்டை கடிக்கிற மழையில் காலையிலிருந்து மலையில் நின்றாலும் கணக்கு கிலோவில்தான். "அம்மா முழு நாளும் மலையில நிப்பாங்க. ஆனா புத்தகத்துல பாதி ஆளாத்தான் இருப்பாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு கதையை வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினோம். அந்தக் காலத்தில் ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் வழமையான நாள் கூலி. குடும்பம் அடுத்த நாள் சாப்பிடுவது அதை நம்பித்தான். அந்தச் சொந்தக்காரர் எத்தனை கூடை பழம் என்று நிறுக்கவில்லை, எத்தனை மணித்தியாலம் என்று எண்ணவும் இல்லை. இந்த மனிசன் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட எவ்வளவு வேணும் என்று பார்த்தார். உபாகமம் 24ஆம் அதிகாரமும் இதைத்தான் சொல்கிறது. கூலியாள் உன் சொந்தச் சனமானாலும் வேற்று நாட்டவனானாலும், அவனுடைய கூலியைப் பொழுது சாய முன்னம் கொடுத்துவிடு, ஏனென்றால் அவன் ஏழை, அதையே எதிர்பார்த்திருக்கிறான் என்பது அதன் கருத்து. கள்ளத் தராசைப் பற்றி நீதிமொழிகளும் ஆமோசும் கோபப்படுகிற இடங்களை வாசிக்கும்போது மடுவத்துத் தராசு ஞாபகம் வராமல் இருக்காது.

இது பழைய கதை இல்லை. நாள் சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் வருடக்கணக்காகப் போராடி, 2021 மார்ச்சில்தான் அது சம்பள நிர்ணய சபை மூலம் வந்தது. 2024இல் 1350 ஆனது. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில், 2026 ஜனவரியிலிருந்து சம்பளம் 1550 ரூபா, வேலைக்கு வருகிற நாளுக்கு அரசாங்கத்தின் ஊக்கத்தொகை 200 ரூபா, மொத்தம் 1750 என்று அறிவித்தார்கள். கூடியது நல்லதுதான். ஆனால் பேர் விழுந்தால்தான் அந்தத் தொகை கைக்கு வரும் என்பதைத் தொலைக்காட்சியில் கேட்கிற கன பேர் யோசிப்பதில்லை.

கம்பனிகளுக்கும் ஒரு நியாயம் இருக்கு என்று எங்களில் ஒருவர் வாதாடினார். உற்பத்திச் செலவு கூட, ஏலத்தில் விலை ஏறி இறங்கும், 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது விளைச்சலே விழுந்தது. இதெல்லாம் உண்மை. கலைப்பீடப் பிள்ளைகளான நாங்கள் தேயிலைக்குப் பொருளாதாரத் திட்டம் போட்டுத் தரப்போவதில்லை. வேதமும் கிலோ கணக்குக்கு விடை எழுதித் தரவில்லை. ஆனால் கணக்கைத் தொடங்குகிற இடத்தை அது மாற்றுகிறது. நாங்கள் வழமையாக, இவ்வளவு வேலை செய்தாய், இவ்வளவு தருகிறேன், அதில் நீ சமாளி என்று தொடங்குகிறோம். கதையில் அந்த ஆள், நீ வாழ இவ்வளவு வேண்டும் என்று தொடங்குகிறார்.

முறுமுறுத்தவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். அவர்களுக்குப் பேசின கூலியில் ஒரு சதமும் குறையவில்லை. அவர்களுடைய முறைப்பாடு, இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்பதுதான். இந்தக் குரல் எங்கட கண்டீனிலும் கேட்கும். ஒதுக்கீட்டில் வந்தவை, குறைஞ்ச இசட் புள்ளியோடு வந்தவை என்று கதைப்பார்கள். பல கற்கைநெறிகளில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று தனியாக ஒதுக்குவது 5 வீதம்தான். எழுபதுகளின் தரப்படுத்தல் தமிழ் மாணவர்களுக்குச் செய்த அநியாயத்தை நாங்கள் மறக்கவில்லை. அது எந்த மொழியில் எழுதினாய் என்று பார்த்து வெட்டியது. இது, படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து எழுதினவரைப் பார்த்துக் கூப்பிடுகிறது. இரண்டும் ஒன்றில்லை. ஒருத்தரும் கூப்பிடாததால்தான் அவர்கள் ஐந்து மணி வரைக்கும் நின்றார்கள்.

உண்மையில் மலையக மக்கள் ஐந்து மணிக்கு வந்தவர்களும் இல்லை. கோப்பித் தோட்டக் காலத்திலேயே, 1867இல் தேயிலை வர முன்னமே, இங்கே வந்து காடு வெட்டினவர்கள். 1854இல் தோட்டங்களுக்கென்று தனியாக ஒரு மிஷன் தொடங்கினார்கள். அதன் பெயரிலேயே 'கூலி' என்ற சொல்லும் இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கிற சட்டம் வந்தது 2003இல். விடிய முதல் வந்தவர்களைக் கடைசி ஆட்களாக நிறுத்திவைத்த நாடு இது. அந்த நாட்டில் நாங்களும் ஒடுக்கப்பட்டவர்கள் என்று சொல்லுகிற எங்கட ஆட்களின் வாயிலேயே 'தோட்டக்காட்டான்' என்ற சொல் இன்னும் கிடக்கிறது. எங்கட அறையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. யார் சொன்னாலும், பகிடிக்கென்றாலும், அந்த இடத்திலேயே நிறுத்துவோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைநாட்டில் மண் சரிந்தபோது எங்கட கம்பஸிலும் அரிசி, பருப்பு, உடுப்பு சேர்த்தார்கள். நாங்களும் மூட்டை கட்டினோம். அந்த நேரத்தில் அது தேவை. ஆனால் கதையில் ஒரு விசயம் இருக்கு. ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கு அந்த மனிசன் தருமம் போடவில்லை. மற்றவர்களோடு அதே வரிசையில் நிற்கவைத்து, கூலி என்ற பெயரிலேயே கொடுத்தார். தருமம் வாங்குகிறவர் கும்பிட வேண்டும். கூலி வாங்குகிறவர் நிமிர்ந்து நின்று வாங்கலாம்.

அந்த வித்தியாசத்தை விடுதியிலேயே பார்க்கக் கிடைத்தது. எங்கட விடுதியைத் துப்புரவாக்குகிற அக்காமார் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ் வேலை செய்கிறவர்கள். ஒரு மாதம் பத்தாம் திகதி தாண்டியும் சம்பளம் வரவில்லை. காசு சேர்த்து உலர் உணவு வாங்கிக் கொடுப்போம் என்று ஒரு யோசனை வந்தது. கொடுத்திருந்தால் எங்களுக்கும் மனம் குளிர்ந்திருக்கும். மூத்த அக்கா ஒருவரிடம் கேட்டோம். "சாமான் வேண்டாம் பிள்ளையள், சம்பளத்தைக் கேட்டுத் தாங்கோ" என்றா. விடுதி முழுக்கக் கையெழுத்து வாங்கி நிர்வாகத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த கிழமை சம்பளம் வந்தது. ஒப்பந்தம் அதே மாதிரித்தான் இருக்கு. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த நாளுக்குக் காசில்லை. அதைப் பற்றி இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதைச் செய்ய ஒருத்தர் கிறிஸ்தவராக இருக்கவேண்டியதில்லை. கையெழுத்து வைத்தவர்களில் பாதிக்கு மேல் வேறு சமயத்தவர்கள். ஆனால் வேதத்தைக் கையில் வைத்திருக்கிற எங்களுக்குத் தப்ப வழியில்லை. உங்கட கோயிலைக் கூட்டுகிறவருக்கு, வீட்டில் வேலைக்கு நிற்கிற பிள்ளைக்கு, மாமாவின் கடையில் விடியத் தொடங்கி நிற்கிற பெடியனுக்கு எவ்வளவு கொடுக்கினம், எப்ப கொடுக்கினம் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். கதையில் அந்த மனிசன் சந்தைக்கு ஒரு தரம் போய்விட்டு வந்து வீட்டில் இருக்கவில்லை. ஒரே நாளில் ஐந்து தரம் போய், இன்னும் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.