சொத்து எழுதாத உயில்

"எத்தனை சென்ட்மா? சர்வே நம்பர் சொல்லுங்க."

உயில் என்றதுமே டைப் அடிக்கும் பெண் கேட்ட முதல் கேள்வி அது. கோர்ட்டு வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டிய சின்ன அறை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நிலம் இல்ல தாயி. என் உடம்பைப் பத்தி எழுதணும்."

அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை உண்டு, மற்றபடி தெம்புதான். அப்பா போன விதம்தான் எங்களை இங்கே கூட்டி வந்தது. மூளையில் ரத்தக்கசிவு, 19 நாள் ஐசியூ. இனித் தேறுவது கஷ்டம் என்று நான்காம் நாளே டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகும் வெண்டிலேட்டர் ஓடியது, டயாலிசிஸ் நடந்தது. குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று வலது கையைத் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போதும் மணிக்கட்டில் அந்தத் தடம் இருந்தது. நீட்டிய படிவங்களில் எல்லாம் நானும் தம்பியும் மாறி மாறிக் கையெழுத்துப் போட்டோம். போதும் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அப்பா என்ன விரும்பியிருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கையை நிறுத்தினாள். "கருணைக்கொலையா அக்கா?"

இல்லை. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் இன்றும் குற்றம். பலன் தராத சிகிச்சையை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் இது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை செவிலியர் அருணா ஷான்பாக், 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் நினைவு திரும்பாமல் கிடந்தார். அவர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கதவைக் கொஞ்சம் திறந்தது. 2018 மார்ச் 9 அன்று அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்து இந்த உயிலை அனுமதித்தது. ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சாதாரண மனிதர் யார் அதற்கு அலைவார்? 2023 ஜனவரியில்தான் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்று விதி தளர்ந்தது.

அம்மா சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். குணமாக வழியில்லை என்று மருத்துவர்கள் முடிவுசெய்து, தன்னால் பேசி முடிவெடுக்க முடியாத நிலை வந்தால், வெண்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், நின்ற இதயத்தை அழுத்தி எழுப்ப வேண்டாம். நான் எதிர்பார்க்காத ஒன்றையும் சேர்த்தார்: "வலி தெரியாம, மூச்சு முட்டாம இருக்க மருந்து கட்டாயம் குடுக்கணும். முடிஞ்சா வீட்டுல, ஜன்னலோரக் கட்டில்ல."

தன் சார்பில் முடிவைச் சொல்ல யார் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் அடித்திருந்தோம். அம்மா திருத்தச் சொன்னார். "தம்பி பேரையும் போடு. நீ ஒத்தையா சுமக்க வேணாம்."

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரும் அவர் தோழியும் வந்திருந்தார்கள். சாட்சிகள் இரண்டு பேர். கூடுமானவரை சொந்தக்காரர்களாக இல்லாமல் இருப்பது நல்லது. நோட்டரி வக்கீல் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. நான் அவங்ககிட்டத் தனியாப் பேசணும்." பத்து நிமிடம் வேப்பமரத்தடியில் நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. யாரும் வற்புறுத்தாமல் எழுதியதா என்று உறுதிசெய்துகொள்வது அவர் கடமை. பிறகு உள்ளே கூப்பிட்டார். அம்மா இரண்டு பக்கத்திலும், பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

"இதைக் காட்டினா உடனே குழாயை எடுத்துருவாங்களா?" என்று டீச்சர் கேட்டார். அப்படி இல்லை. சிகிச்சை தரும் டாக்டரும் அனுபவமுள்ள இரு நிபுணர்களும் அடங்கிய குழு முதலில் பார்க்கும். பிறகு இன்னொரு மூவர் குழு. அதில் ஒருவர் மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பவர். இயன்றவரை ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். உயிலில் பெயர் உள்ள எங்கள் இருவரின் சம்மதமும் வேண்டும். முடிவை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்த பிறகே சிகிச்சையை விலக்கலாம். மனம் மாறினால் அம்மா எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம்.

ஒரு நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். போனோம். மூன்று மேசை மாறியும் யார் வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் தபால் பிரிவில் கொடுத்து, எங்கள் பிரதியில் சீல் வாங்கிக்கொண்டோம். கோவாவில் 2024இல் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியே தன் உயிலைப் பதிவுசெய்தார். நம் ஊர் மேசைகளுக்கு இன்னும் இந்தச் செய்தி வந்து சேராதது வேதனை. காகிதம் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன பயன்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு பிரதியை மருந்துச் சீட்டுகள் இருக்கும் ஃபைலில் வைத்தார். பீரோவில் வைக்கலாமே என்றேன். "ஆம்புலன்ஸ் வர்ற நேரத்துல பீரோ சாவியைத் தேடுவியா?"

இரவு மஸ்கட்டிலிருந்து தம்பி கூப்பிட்டான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். வெண்டிலேட்டர் என்ற இடத்தில் அவன், "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றான். அம்மா நிறுத்தினார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"டேய், இருக்கியா?"

வெகுநேரம் கழித்து, "படிங்கம்மா" என்றான். அம்மா விட்ட வரியில் விரலை வைத்து மறுபடி ஆரம்பித்தார்.