பச்சைமலையின் நீலம்

மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் தாம் ஆயத்தமாக இருப்பதாகவே ஒவ்வொரு குருவும் எண்ணிக்கொள்கிறார். தொடக்க நூலின்படி முதல் நாளில் ஒளியும் நான்காம் நாளில் கதிரவனும் படைக்கப்பட்டன என்றால், இடைப்பட்ட நாள்களில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நான்காம் நூற்றாண்டின் புனித பசிலியார் முதற்கொண்டு பலர் அதற்கு விடை தந்திருக்கிறார்கள். குருமடத்தில் நாங்களும் படித்திருக்கிறோம். ஆனால் தம்மம்பட்டியில் ஒரு ஞாயிறு காலை, ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து கேட்ட கேள்விக்குப் பசிலியாரிடமும் விடை இல்லை.

"ஃபாதர், பச்சைமலைன்னுதானே பேரு? இங்கிருந்து பார்த்தா நீலமாத்தானே தெரியுது?"

சன்னல் வழியே நானும் பார்த்தேன். இவ்வூரை அறியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன்: மேற்கே கொல்லிமலை, தெற்கிலும் கிழக்கிலும் பச்சைமலை. நடுவே, கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் சுவேத நதியின் கரையில் ஊர். வாகை மரத்தில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் சிற்பிகளால் பெயர் பெற்றது. எத்திசையில் திரும்பினாலும் மலை கண்ணில் படும். ஆனால் சிறுவன் சொன்ன நீலம் எனக்குத் தெரியவில்லை. மலை சாம்பல் நிறமாக நின்றது. பனிமூட்டம் என்று எண்ணிக்கொண்டு, விடையை அடுத்த வாரம் சொல்வதாகத் தப்பித்தேன்.

பிறகு இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டது இது. மலைக்கும் நமக்கும் நடுவே வெற்றிடம் இருப்பதாக நினைக்கிறோம். அங்கே கிலோமீட்டர் கணக்கில் காற்று இருக்கிறது. அதன்மீதும் வெயில் விழுகிறது. கதிரவனின் வெண்ணிற ஒளியில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன. காற்றின் மூலக்கூறுகள் அவற்றுள் அலைநீளம் குறைந்த நீலத்தை மிகுதியாகவும், அலைநீளம் கூடிய சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும் என்பது, பின்னாளில் ராலே பிரபு எனப்பட்ட ஜான் ஸ்ட்ரட் 1871-இல் கண்ட கணக்கு. மலையின் இலைகளிலிருந்து புறப்படும் பச்சை ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் தேய்கிறது. நடுவிலுள்ள காற்று தன் நீலத்தை அதன்மேல் போர்த்துகிறது. அதனால்தான் அடிவாரத்து முகடுகள் பச்சையாகவும், பின்னால் அடுக்கடுக்காக நிற்பவை மேன்மேலும் வெளிறிய நீலமாகவும் தோன்றுகின்றன. மலைமேல் ஏறிப் போனால் அது பச்சைமலைதான். பெயர் வைத்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள் போலும்.

இதைச் சொல்லி முடித்ததும் அச்சிறுவன், "அப்போ வானம் மலைக்கு முன்னாலயே ஆரம்பிச்சுடுதா, ஃபாதர்?" என்றான். வானகத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் இறையியல் படித்த எனக்கு அப்படி ஒரு வாக்கியம் தோன்றியதே இல்லை.

கேள்விகள் தொடர்ந்தன. மாலையில் கொல்லிமலைப் பக்கம் வானம் ஏன் சிவக்கிறது? சாயும் கதிரவனின் ஒளி காற்றில் நெடுந்தொலைவு ஊடுருவி வர வேண்டியிருப்பதால், நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு எஞ்சுகிறது. அப்படியானால் நீலத்தினும் அலைநீளம் குறைந்த ஊதாவாக வானம் தெரியவேண்டுமே? கதிரவனின் ஒளியில் ஊதா குறைவு. அதை உணர்வதில் நம் கண்ணும் மந்தம். கோடையில் ஆத்தூர்ச் சாலையில் தெரியும் கானல் நீர்? தார்ச்சாலையை ஒட்டிய சூடான காற்று, வானத்தின் ஒளியை வளைத்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தரையில் நாம் காண்பது வானத்தின் ஒரு துண்டு.

கடல் ஏன் நீலம் என்பதும் வந்தது. இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேளாங்கண்ணித் திருப்பயணங்களில் ஆண்டுதோறும் சிறுவர்களைக் கடற்கரையில் உட்காரவைத்து, "வானத்தின் நிறத்தைக் கடல் வாங்கிக்கொள்கிறது, நாமும் விண்ணகத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று உருக்கமாகப் பேசியவன் நான். அழகான உவமை, ஆனால் அதன் அறிவியல் பிழையானது. ராலே பிரபுவும் அவ்வாறே எண்ணினார் என்பது ஓர் ஆறுதல். அதை மறுத்தவர், திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி.வி. இராமன். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டவர், 'நிக்கல் பட்டகம்' என்னும் சிறு கருவியைக் கண்முன் பிடித்துப் பார்த்தார். உரிய கோணத்தில் அது நீர்ப்பரப்பிலிருந்து எதிரொளித்து வரும் வெளிச்சத்தை நீக்கிவிடும். வானத்தின் பிம்பம் மறைந்தது. கடலின் நீலம் மறையவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அவர் கப்பலிலேயே கட்டுரை எழுதினார். தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் அந்நீலத்துக்குப் பெருங்காரணம் என்று இன்று அறிகிறோம். அப்பயணத்தில் தொடங்கிய ஆய்வே 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாகவும், 1930-இல் நோபல் பரிசாகவும் கனிந்தது.

இராமன் அந்த ஆய்வுகளை நடத்திய கல்கத்தா இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் 1876-இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்காரால் நிறுவப்பட்டது. தொடக்கம் முதலே அவருக்குத் தோள்கொடுத்தவர் தூய சவேரியார் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர், பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு யூஜின் லஃபோன் அடிகளார். ஜகதீஷ் சந்திர போஸுக்கும் அவர் ஆசிரியர். நம் திருச்சபை வரலாற்றில் இத்தகையோரை நாம் நினைவுகூர்வது குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை. நிற்க.

இந்த வகுப்புகள் நடந்த அதே மாதங்களில் சக்ரீஸ்தில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பீடத் துணிகளையும் என் வெண்ணங்கிகளையும் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவருபவர் ஒரு மூதாட்டி. கைம்பெண், எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தையர் காலத்திலிருந்தே ஊதியம் வாங்காமல் இப்பணியைச் செய்துவருபவர். ஒரு புனித சனியன்று, பாஸ்கா திருவிழிப்புக்கு விரிப்பதற்காக அவர் கொண்டுவந்த துணியை எடுத்துப் பார்த்தேன். பழுப்பேறி இருப்பதாகத் தோன்றியது. பாடகர் குழுவினர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே, "இதுவா வெள்ளை? வீட்டுத் திரைச்சீலைக்குக்கூட இதைப் போடமாட்டார்களே" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் துணியை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த முறை சொட்டு நீலத்தைச் சற்றுக் கூடுதலாகக் கலந்து அலசிக் கொண்டுவந்தார். எனக்கு அது முன்னைவிட மங்கலாகத் தெரிந்தது, மறுபடியும் கடிந்துகொண்டேன். நீலம் மேலும் கூடியது. இப்படியே ஓராண்டுக்கு மேல் நடந்தது. ஒருமுறை உபதேசியார் மட்டும், "நீலம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்குதுங்க, சாமி" என்று மெல்ல இழுத்தார். அந்த அம்மாளுக்குப் பரிந்து பேசுகிறார் என்று அதைத் தள்ளிவிட்டேன்.

சர்க்கரை நோயாளியாதலால் ஐம்பத்தாறு வயதிலேயே எனக்குக் கண்புரை முற்றியிருந்தது. இரவில் வண்டிகளின் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனேன். முதலில் இடக்கண்ணில் அறுவை நடந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் எதிரே இருந்த சுவரைப் பார்த்தேன். வெள்ளை. வலக்கண்ணால் பார்த்தேன், தேநீரில் நனைத்த காகிதம். மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செவிலிப்பெண் சிரித்தார்; எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம்.

மருத்துவர் விளக்கினார். விழியிலுள்ள வில்லை முதுமையில் மஞ்சளிக்கிறது. மஞ்சள் கண்ணாடி போல அது நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது. இம்மாற்றம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக நேர்வதால் மூளையும் பழகிவிடுகிறது; தன் கண்தான் மாறிவிட்டது என்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஓவியர் கிளோட் மோனே 1923-இல் இதே அறுவைக்குப்பின் நிறங்கள் மாறித் தெரிவதாக அரற்றினார் என்பதைப் பின்னர் படித்தேன். அவர் காலத்தில் புரையை நீக்கினால் தடித்த கண்ணாடிதான் துணை. 1949-இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். போர்விமானிகளின் கண்களில் தைத்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண் வெறுக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததே அவருக்கு வழிகாட்டியது. நம் நாட்டில் அவ்வில்லை ஏழைகளுக்கு எட்டியதற்கு மதுரை பெருங்காரணம். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி, வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்துகொண்டிருந்த வில்லைகளை இங்கேயே மலிவாகச் செய்யலாயிற்று.

இவற்றையெல்லாம் வியந்து கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, திரும்பி வரும் பேருந்தில்தான் பீடத் துணியின் நினைவு வந்தது.

சொட்டு நீலத்தின் வேலை எளிது. பழுப்பேறிய துணி நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான் மஞ்சளாகத் தெரிகிறது. அதில் சேரும் நீலச் சாயம், மறுபுறமுள்ள மஞ்சள், ஆரஞ்சு ஒளிகளில் சிறிதை உறிஞ்சிவிடுகிறது. தராசின் இரு தட்டுகளும் சமமாகி, துணி வெள்ளையாகத் தோன்றுகிறது. மொத்தத்தில் அதிலிருந்து வரும் ஒளி முன்னைவிடக் குறைவுதான். அந்த அம்மாள் சேர்த்த நீலம் மஞ்சளைத் தின்றது. என் கண்ணின் வில்லை நீலத்தைத் தின்றது. எனக்கு எஞ்சியது அழுக்குச் சாயல். நான் கடிந்துகொள்ளக் கடிந்துகொள்ள அவர் நீலத்தைக் கூட்டினார். அவர் கூட்டக் கூட்ட அது எனக்கு அழுக்காகத் தெரிந்தது.

பெறப்படுவது எதுவும் பெறுபவரின் தன்மைக்கேற்பவே பெறப்படுகிறது என்பது மெய்யியல் வகுப்பில் இலத்தீனில் நெட்டுருப் போட்ட பாடம். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன். கண்ணில் கிடக்கும் மரக்கட்டையைப் பற்றி இந்தச் சிற்பிகளின் ஊரில் பலமுறை மறையுரையும் ஆற்றியிருக்கிறேன்.

சக்ரீஸ்தைத் திறந்து துணிகளை வெளியே எடுத்தேன். அன்னை மரியாவின் மேலாடைக்கு வைத்துத் தைக்கலாம் போல, அப்பட்டமான ஆகாய நீலம். அந்தத் துணியின்மேல்தான் ஓராண்டாகத் திருப்பலி நிறைவேற்றியிருக்கிறேன். பங்கு மக்கள் அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். உபதேசியாரைத் தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமியிடம் யார் போய்ச் சொல்வது என்று இருந்துவிட்டார்கள். அது அவர்களுடைய குறை என்று எழுத முதலில் கை வந்தது. வாய் திறந்த ஒருவரை நான் என்ன செய்தேன் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

மாலையில் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறரின் மன்னிப்பு வேண்டலைக் கேட்டுப் பழகியவனுக்கு, ஒருவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பது எளிதாக இல்லை. பதறி எழுந்தவர் முதலில் கேட்டது, "கண்ணு நல்லாத் தெரியுதுங்களா, சாமி?" என்பதுதான்.

தெரிகிறது என்றேன், துணியைப் பற்றிச் சொன்னேன். தவறு என்னுடையது என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"நீலம் சாஸ்தின்னு எனக்கும் தெரிஞ்சுதுங்க. ஆனா சாமியே வெள்ளை இல்லைன்னு சொல்றப்போ, என் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். போன ஐப்பசியில கண் முகாம் போட்டாங்களே, அங்க போய்க் காட்டினேனுங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி வெச்ச லென்ஸ் ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுன்னாங்க. அப்பவும் எனக்கு நம்பிக்கை வரலீங்க."

அவருடைய இரு கண்களும் முன்னரே இலவச முகாமில் அறுவை செய்யப்பட்டவை என்பதை நான் அறிந்திருக்கவில்லை. தெளிவாகப் பார்த்தவர் தம் கண்ணைச் சோதிக்க முகாமுக்கு நடந்திருக்கிறார். புரை மூடிய நான் பீடத்தருகே நின்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

ஏறிய நீலம் உடனே இறங்குவதில்லை. அவர் துணிகளை ஊறவைத்தும் அலசியும் மூன்று வாரம் பாடுபட்டார். மூன்றாவது சனிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்து, பீடத்தின்மேல் விரித்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். நான் இடக்கண்ணால் பார்த்தேன். பிறகு அறுவைக்குக் காத்திருக்கும் வலக்கண்ணாலும் பார்த்தேன். நீலம் போகப்போக அந்தக் கண்ணுக்கும் துணி சற்று வெளுத்திருந்தது.

"போதுங்களா, சாமி?"

"நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், அம்மா" என்றேன்.

அவர் பீடத்தை நெருங்கி, துணியின் ஓரத்தை இரு விரலால் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அலசு அலசணுமுங்க" என்று மடித்து எடுத்துக்கொண்டார்.