தொலைந்த ஒரு மணி

இலண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பாரிசிலிருந்து அக்காவின் அழைப்பு வந்தது. புதுச்சேரிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பது ஆண்டுகளாக அந்நகரில் வாழ்பவர் அவர். "நாளை பதினொரு மணிக்கு இதய அறுவை. உள்ளே போகுமுன் உன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்றார். இரு நாட்டு விசாவும் கையில் இருந்தது நற்பேறு.

ஹீத்ரு நிலையத்திலிருந்து சார்ல் தெ கோல் நிலையத்திற்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 350 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. பறக்கும் விமானத்திற்கு இருபத்தாறு நிமிடமே போதும் என்று மனக்கணக்குப் போட்டேன். மகனோ, "ஒரு மணி இருபது நிமிடம் ஆகும்" என்றான். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வதும் பயண நேரத்தில் அடங்கும். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமே பெரும்பகுதி வழியைத் தின்றுவிடுவதால், இத்தகைய குறுந்தொலைவில் விமானம் தன் முழு வேகத்தில் பறப்பது சிறிது நேரமே.

காலை 7.30க்குப் புறப்பட்டேன். 1909இல் லூயி பிளேரியோ அரை மணிக்குச் சற்று மிகுந்த நேரத்தில் பறந்து கடந்த ஆங்கிலக் கால்வாய், நான் தேநீர்க் குவளையைக் கீழே வைப்பதற்குள் பின்னே போயிற்று. 8.50க்கு இறங்கினேன். அக்காவின் மகன் ஒன்றும் பேசாமல் காரை விரட்டினான். மருத்துவமனைக்குள் நுழைந்தபோது என் கைக்கடிகாரம் 10.15 காட்டியது. சுவர்க்கடிகாரத்தில் 11.15.

அறுவை அரங்கின் கதவு மூடியிருந்தது.

பயணச்சீட்டில் இறங்கும் நேரம் 9.50 என்றே அச்சிட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகளாக வினாத்தாளை இருமுறை படியுங்கள் என்று வகுப்பில் சொல்லி வந்தவன் நான்!

அன்று ஐந்து மணி நேரம் அந்த நடைபாதையில் அமர்ந்திருந்தேன். அந்த ஒரு மணி எங்கே போனது? பாரிஸ், கிரீனிச்சுக்குக் கிழக்கே இரண்டேகால் பாகைக்குச் சற்று மேல். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். கதிரவன் கணக்கில் இரு நகரங்களுக்கும் வேறுபாடு ஒன்பது நிமிடமும் சில நொடிகளுமே. 1911 முதல் பிரான்சும் கிரீனிச் நேரத்தையே பின்பற்றியது. 1940இல் ஜெர்மானியப் படை பாரிசைக் கைப்பற்றியபோது நகரின் கடிகாரங்கள் பெர்லின் நேரத்திற்கு மாற்றப்பட்டன. போர் முடிந்து படை வெளியேறிய பின்னும் பிரான்சு பழைய நேரத்திற்கு மீளவில்லை. என்றோ நடந்த போர் ஒன்று, என்னையும் அக்காவையும் அன்று ஒரு கதவின் இருபுறமும் நிறுத்தியிருந்தது.

மாலை நான்கேகாலுக்கு மருத்துவர் வெளியே வந்து தலையசைத்தார். மறுநாள் கண் திறந்த அக்கா, "எங்கேடா போயிருந்தாய்?" என்றார். நடந்ததைச் சொன்னேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். "போகும்போது அந்த ஒரு மணியை மறக்காமல் வாங்கிக்கொண்டு போ."

பத்து நாள் கழித்துத் திரும்பினேன். பாரிசில் மாலை 5.00க்குப் புறப்பட்ட விமானம், ஹீத்ருவில் 5.20க்கு நின்றது. அருகில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பின்னே திருப்பினார்கள். வீடு சேர்ந்து அக்காவிடம் பேசி முடிக்கும் வரை, நான் என் கடிகாரத்தைத் தொடவில்லை.