கம்பளி கேட்பதில் வெட்கம் ஏன்?

நமது அன்னையார் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பனியிலும் மழையிலும் நனைந்து பழகியவர். சில ஆண்டுகளுக்கு முன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வயிற்றுச் சத்திர சிகிச்சைக்காக, மெல்லிய அங்கியோடு அவரைக் கிடத்தியிருந்தனர். "குளிருகிறதா அம்மா?" என வினவினோம். "இதெல்லாம் ஒரு குளிரா!" என்றார். கையைத் தொட்டோம், சில்லிட்டிருந்தது. தாதியிடம் ஒரு கம்பளி கேட்க நமக்கு நா எழவில்லை. உடன் வந்த உறவினரோ, "குளிர் இருந்தால்தான் கிருமி சாகும்" என்றார். நாமும் நம்பினோம்.

சிகிச்சை முடிந்து கண் விழித்தவரின் பற்கள் கிடுகிடுத்தன. கட்டில் அதிர உடல் நடுங்கிற்று. புண் ஆறவும் நாளாயிற்று. அதற்குக் குளிரே காரணமென்று அறுதியிட்டுக் கூற நாம் வைத்தியரல்லோம். ஆயினும் அந்த நடுக்கம் நம்மைச் சும்மா இருக்க விடவில்லை. கற்றோரைக் கேட்டும் நூல்களைப் படித்தும் உண்மையை அறிந்தோம்.

உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. மயக்க மருந்து ஏறியதும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன; உள்ளே காத்து வைத்த சூடு கைகால்களுக்குப் பரவி, தோல் வழியே வெளியேறுகிறது. நடுங்கிச் சூடு உண்டாக்கும் ஆற்றலும் அவ்வேளை அடங்கிவிடுகிறது. முதல் மணி நேரத்திலேயே ஒரு டிகிரிக்கு மேல் குறைவதுண்டு. உடல் மிகவும் குளிர்ந்தால் இரத்தம் உறைவது தாமதிக்கும். புண்ணுக்குச் செல்லும் பிராணவாயு குறையும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சோரும். 1996இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரியாவில் பெருங்குடல் சிகிச்சை பெற்ற 200 பேரை ஆராய்ந்திருந்தனர். சூடு காக்கப்பெற்றோருள் 100க்கு 6 பேருக்கே புண்ணில் கிருமி கண்டது. குளிர விடப்பட்டோருள் 19 பேருக்குக் கண்டது. கிருமியைக் கொல்லும் என்று நாம் நம்பிய குளிர், கிருமிக்கே துணை நின்றது!

இங்கிலாந்தில் 2008இல் வெளியான மருத்துவ வழிகாட்டி, நோயாளி வீட்டிலிருந்தே கனத்த உடை கொண்டுவர வேண்டும், குளிர்ந்தால் உடனே சொல்ல வேண்டும் என்கிறது. சொல்வது நோயாளியின் பங்கு. சூடேற்றுவது ஆஸ்பத்திரியின் பங்கு.

சென்ற ஆண்டு அன்னையாருக்கு மறுபடியும் சிகிச்சை நேர்ந்தது. இம்முறை கூசாது கேட்டோம். தாதி முகங்கோணவில்லை. வெப்பக் காற்று ஊதும் போர்வையொன்றைக் கொணர்ந்து, மயக்கம் கொடுக்குமுன்னரே போர்த்தினார். அன்னையார் கண்களை மூடிக்கொண்டு மெல்லச் சொன்னார்: "பால்வெட்டுக்குப் போன நாளெல்லாம் குளிரத்தான் செய்தது. கேட்க ஆளில்லையென்று சொல்லவில்லை."

அன்பர்களே! பொறுத்துக்கொள்வதே பெருமையென்று நம் மக்கள் பழகிவிட்டனர். சத்திர சிகிச்சை மேசையில் அந்தப் பெருமை உதவாது. நும் வீட்டுப் பெரியோர் "குளிரவில்லை" என்றால், அவர்தம் கையைத் தொட்டுப் பாருங்கள். பின்னர் நீங்களே கேளுங்கள்.