முதல் பக்கத்து ஆசை

நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளை விற்க ஓர் இணையதளம் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் அதில் இருந்த வாடிக்கையாளர் பாராட்டுகள் எல்லாம் நானே எழுதியவை. கோவை இல்லத்தரசி, துபாய் இன்ஜினியர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று ஆளுக்கொரு நடை. தலைமையாசிரியருக்கு மட்டும் செந்தமிழ். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரிய குற்றம்.

கூகுளில் முதல் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. 1998-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தேடலுக்கு அடிப்படை எளிய யோசனைதான்: ஒரு பக்கத்துக்கு எத்தனை தளங்கள் இணைப்பு தருகின்றன, தருகிற தளங்களுக்கு என்ன மதிப்பு என்று பார்ப்பது. நாலு பேர் கை காட்டும் கடை நல்ல கடையாகத்தான் இருக்கும் என்கிற ஊர்க் கணக்கு. கை காட்டுவதற்குக் கூலி கொடுத்தால்? கொடுத்தேன். லிங்க் விற்கும் ஒருவரிடம் மொத்தமாக வாங்கினேன். சூதாட்டத் தளமும் நாய்க்குட்டி விற்கும் தளமும் என் குத்துவிளக்குக்குச் சாட்சி சொல்லின. பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ‘பித்தளை விளக்கு’ என்று வரிவரியாக ஒளித்துவைத்தேன். பக்கத்தின் நிரலுக்குள் எழுதிவைக்கும் தேடுசொற்களான மெட்டா கீவேர்டுகளைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் ராத்திரி கண்விழித்து அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச காலம் பலித்தது. 2012 ஏப்ரல் 24-ல் பெங்குவின் வந்தது. காசு கொடுத்து வாங்கிய இணைப்புகள் போன்ற தந்திரங்களால் மேலே ஏறிய தளங்களைக் கீழே இறக்குவதற்கென்றே கூகுள் செய்த மாற்றம் அது. என் தளம் பத்தாம் பக்கத்தில்கூட இல்லை. போட்டிக் கடைக்காரர்களின் சதி என்று வீட்டில் சொன்னேன்.

விற்பனை படுத்துவிட்டது. வாய் மட்டும் நன்றாக இருந்தது. கும்பகோணத்தில் ஒரு லாட்ஜின் மாடியை வாடகைக்குப் பிடித்து, சிறு வியாபாரிகளுக்கு இணைய மார்க்கெட்டிங் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். என் தளத்துக்கு வந்தவர்களின் வரைபடத்தைத் திரையில் காட்டுவேன், மார்ச் மாதத்தோடு வெட்டி. கோடு மலையேறுவது மட்டும் தெரியும். அப்பளக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் வாய்பிளந்து பார்ப்பார்கள். “லிங்க் வாங்குங்க” என்று சொல்லி, எனக்கு விற்றவரிடமே அனுப்புவேன். கட்டணமும் எனக்கு, அவரிடமிருந்து கமிஷனும் எனக்கு.

ஊறுகாய் போட்டு விற்கும் ஓர் அம்மா ஒருநாள் கேட்டார்: “சார், போன் பண்றவங்க நல்லெண்ணெயா, எத்தனை நாள் கெடாம இருக்கும்னுதான் கேக்குறாங்க. அதையெல்லாம் சைட்ல எழுதிப் போட்டா என்ன?”

“அதெல்லாம் அப்புறம்மா. முதல்ல லிங்க்.”

அந்த மாடியில் யாராவது உருப்படியாக ஒன்று சொன்னார்கள் என்றால் அது அவர் சொன்னதுதான். ஜனங்கள் போனில் கேட்பதைத்தான் தேடும் பெட்டியிலும் தட்டுகிறார்கள். அது எனக்கும் தெரியாததல்ல. என்னைக் கூப்பிட்டவர்களும் அப்படித்தான் கேட்டார்கள்: மூணடி விளக்கு எத்தனை கிலோ, மரையைக் கழற்றித் துலக்கலாமா, உச்சியில் இருக்கும் அன்னம் தனியாக வருமா. இதில் ஒன்றுக்கும் என் தளத்தில் பதில் இல்லை. ‘சிறந்த குத்துவிளக்கு’ மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் கூகுள் ஒரு வசதி கொடுத்தது. இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று தளக்காரரே பட்டியல் அனுப்பலாம். சூதாட்டம், நாய்க்குட்டி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். வெள்ளை எழுத்துகளை அழித்தேன். கிலோ, மரை, அன்னம் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். பெங்குவினை அப்போது எப்போதாவதுதான் மறுபடி ஓட்டுவார்கள் என்பதால் உடனே பலன் தெரியவில்லை. மெல்ல மெல்லத்தான் ஆட்கள் வந்தார்கள்.

இதில் ஒன்றைக்கூட வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் என் லிங்க் பாடம் என்னாவது? கமிஷன் என்னாவது? என் தளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, அதே நோயை அடுத்தவர்களுக்கு விலைக்கு விற்றேன். கூட்டம் குறைந்து வகுப்பு தானாக நின்றது, நானாக நிறுத்தவில்லை.

வந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வாங்கிய லிங்க்குகளை எடுத்துவிடுங்கள் என்று ஒருவரையும் கூப்பிட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்களே என்ற பயம்தான் காரணம்.