துணி எழுப்பிய ஊர்கள்

வியாழன், சட்பரி

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டம். ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ 1727இல் பிறந்த வீடு 1961 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. தோட்டத்து முசுக்கொட்டை மரம் அவரைவிட மூத்தது. அவருடைய அப்பா கம்பளித் துணித் தொழிலில் இருந்தவர். படங்களின் முன்னே நின்றபோது அந்தச் செய்தி மனத்தைவிட்டு அகலவில்லை. பட்டுப் பாவாடையின் மடிப்புகளை அருகில் போய்ப் பார்த்தால் அவசரமாக இழுத்த தூரிகைக் கோடுகள். நாலடி பின்னால் வந்தால் மினுங்கும் பட்டு. இயற்கைக் காட்சிகளுக்காக அவரைப் போற்றுபவர்கள் உண்டு. எனக்கு அவர் துணியை அறிந்த கலைஞர்.

ஊருக்குள் பட்டு ஆலைகள் இன்றும் ஓடுகின்றன. 1773இல் வந்த ஒரு சட்டம் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களின் கூலியை நிர்ணயித்தது. அந்தக் கூலியைத் தர மனமில்லாத முதலாளிகள் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்த இத்தகைய ஊர்களுக்குத் தறியைக் கொண்டுவந்தார்கள். நெசவாளர் வீடுகளின் மாடியில் அகன்ற சன்னல்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டுமே! இளவரசி டயானாவின் 1981 திருமண உடைக்கான பட்டும் சட்பரி ஆலையொன்றில் நெய்ததுதான். அரண்மனை வரை போன இந்தப் பட்டின் தொடக்கம் ஒரு கூலிக் கணக்கு.

வெள்ளி, லாங் மெல்ஃபர்ட்

நீண்ட ஒற்றைத் தெரு. பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போனது. பழம்பொருள் வணிகர் ஒருவரைப் பற்றிய 'லவ்ஜாய்' தொலைக்காட்சித் தொடரை இங்கே படமெடுத்தார்கள். அந்தக் காலத்தைவிடக் கடைகள் குறைவு. கருத்த மரச்சாமான்களின் விலையும் விழுந்துவிட்டது. எனக்கு அது வருத்தம்தான். ஓர் இழுப்பறையை வெளியே இழுத்துத் திருப்பிப் பார்த்தேன்: அடியில் இழைப்புளித் தடம், மூலையில் ஒன்றுக்கொன்று அளவு மாறிய பொருத்துகள். கையால் அறுத்த வேலை. செய்தவர் பெயர் எங்கும் இல்லை.

தெருவின் வடகோடியில் ஹோலி டிரினிட்டி தேவாலயம். 15ஆம் நூற்றாண்டில் துணிப் பணத்தில் எழுந்தது. வெளிச்சுவரைச் சுற்றி, பணம் கொடுத்தவர்களின் பெயர்களைப் பொறித்து, அவர்கள் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வெகுநேரம் சுற்றிச் சுற்றி வாசித்தேன். நூல் நூற்ற பெண்களும் தறியில் உட்கார்ந்தவர்களும் அந்தச் சுவரில் இடம்பெறவில்லை. அவர்களுக்காக யார் வேண்டிக்கொள்வது?

சனி, லாவனம்

எல்லோரும் படமெடுக்கும் ஊர். சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள், 1530 வாக்கில் கட்டிய கில்டு (சங்க) மண்டபம், 141 அடி உயரத் தேவாலயக் கோபுரம். கோபுரத்துக்கு அள்ளிக்கொடுத்த துணி வணிகரான ஸ்ப்ரிங் குடும்பம் தன் சின்னத்தை உச்சியில் பதித்துவைத்தது. நீலச் சாயம் தோய்த்த கம்பளித் துணியால் இவ்வூர் ஒருகாலத்தில் இங்கிலாந்தின் பெரும் பணக்கார ஊர்களில் ஒன்றாக இருந்தது. பிறகு கால்செஸ்டரில் குடியேறிய டச்சு அகதிகள் மெல்லிய, மலிவான துணி நெய்யத் தொடங்க, இங்கே தறிகள் நின்றன. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் இவை தப்பின. கில்டு மண்டபம் பின்னாளில் சிறையாகவும் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியாகவும் இருந்தது.

1525இல் எட்டாம் ஹென்றி போர்ச் செலவுக்கு வரி கேட்டார். அதைக் கொடுத்தால் ஆட்களுக்கு வேலை தர முடியாது என்று துணி முதலாளிகள் கைவிரித்தார்கள். வேலையிழந்த நெசவாளர்களும் சுற்றுவட்டாரத்தாரும் ஆயிரக்கணக்கில் இங்கே திரண்டார்கள். மன்னர் வரியைக் கைவிட நேர்ந்தது. லாவனத்தைச் சுற்றிக்காட்டுகிறவர்கள், சாய்ந்த வீடுகளுக்கு முன்னால், முதலில் இதைச் சொல்ல வேண்டும்.