வழிகாட்டி நிற்காத இடம்

தொலைதூரத் தீவொன்றின் தொல்சின்னங்கள் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது பசிபிக் கடலின் ராப்பா நூயி, அதாவது ஈஸ்டர் தீவு. அங்கே ஏறத்தாழ 900 கற்சிலைகள் உள்ளன. 1862இல் தொடங்கிய பெரு நாட்டு அடிமைக் கப்பல்களின் வேட்டையாலும் பின்வந்த கொள்ளைநோய்களாலும் அத்தீவின் மக்கள்தொகை 1877இல் 111ஆகச் சுருங்கியது. ஆயினும் 2017 முதல் அந்தச் சிலைகள் நிற்கும் தேசியப் பூங்காவை நிர்வகிப்பது அந்த 111 பேரின் வழித்தோன்றல்களது அமைப்பான மாஉ ஹெனுவா. சிலைகளைச் செதுக்கியோரின் கொடிவழியினரே இன்று அவற்றின் கதையைச் சொல்கின்றனர்.

இதே வினாவை அந்தமானில் எழுப்பிப் பார்க்கலாம். போர்ட் பிளேருக்கு வரும் பயணிகளுக்குக் காட்டப்படும் சின்னங்கள் யாருடையவை? அவற்றின் கதையைச் சொல்பவர் யார்?

அபர்டீன் படகுத்துறைக்கு எதிரே உள்ள ராஸ் தீவு ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாதது. 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டபோதும், படகுக்காரர்கள் இன்றும் ராஸ் என்றே சொல்கின்றனர். தண்டனைக் குடியேற்றத்தின் தலைமையிடமாக ஏறத்தாழ 80 ஆண்டுகள் விளங்கிய தீவு இது. 1941 ஜூன் 26 நிலநடுக்கம் அதைக் குலைத்தது. 1942 மார்ச்சில் சப்பானியர் வந்தனர். இன்று ஆணையர் மாளிகை, தேவாலயம், ரொட்டி சுடும் கூடம் ஆகியவற்றின் சுவர்களை ஆலினத்து மரங்களின் வேர்களே தாங்கி நிற்கின்றன.

தமிழகத்திலிருந்து வந்த வரலாற்றுத் துறை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்ற வழிகாட்டி, சாத்தம் மர ஆலையில் கூலியாக வேலை பார்த்த ஒருவரின் பேரன். மற்ற வழிகாட்டிகள் நடனக் கூடத்தின் முன் நெடுநேரம் நிற்பார்கள், அவர் நிற்கவில்லை. சிதைந்த சுவரொன்றின் செங்கலைத் தொட்டுக் காட்டி, 1858 மார்ச் 10 அன்று மருத்துவர் வாக்கருடன் வந்திறங்கிய 200 கைதிகளைப் பற்றிச் சொன்னார். விலங்கு பூண்ட கால்களோடு காட்டை வெட்டியவர்கள், கல் சுமந்தவர்கள், காய்ச்சலில் மடிந்தவர்கள். “இருந்து ஆண்டவன் பேரெல்லாம் இங்கே இருக்கு. கட்டினவன் பேர் ஒரு கல்லிலும் இல்லை, சார்” என்று பேராசிரியரிடம் அவர் சொன்னபோது குரலில் கோபம் இருந்தது.

அப்போது மாணவி ஒருத்தி, கைதிகள் வருவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டாள். “காடுதாம்மா இருந்துச்சு” என்றார் அவர். குழு அடுத்த கட்டடத்துக்கு நகர்ந்தது.

அந்த விடையை அவருடைய அறியாமை என்று ஒதுக்குவது எளிது, அது நேர்மையாகாது. தம் முன்னோரின் உழைப்பை மீட்டெடுக்கும் கதையை அவர் தாமே கட்டியெழுப்பியிருக்கிறார். அதற்கு முந்தைய கதையை அவருக்கு யாரும் தரவில்லை. அவர் கடந்து சென்ற அதே சிறு தீவில்தான் 1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் ‘அந்தமான் இல்லம்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பேரந்தமானியர் அங்கே கொண்டுவந்து தங்கவைக்கப்பட்டு, ஆங்கிலமும் ஆடையும் வேலையும் பழக்கப்பட்டனர். குடியேற்றத்தோடு ஏற்பட்ட நெருக்கம் நோய்களையும் கொண்டுவந்தது. 1877இல் தட்டம்மை அவர்களிடையே பெருஞ்சாவை விளைத்தது. குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்ததாகக் கருதப்படும் பேரந்தமானியர், 1961 கணக்கெடுப்பில் 19 பேர் மட்டுமே. அவர்களது மொழிகளுள் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 சனவரியில் மறைந்தார்.

கைதியின் கதையும் தொல்குடியின் கதையும் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல. 1859 மே மாதம் அந்தமானியர் குடியேற்றத்தைத் தாக்கிய அபர்டீன் போரில், தாக்குதல் வரப்போவதை ஆங்கிலேயருக்கு முன்கூட்டியே தெரிவித்தவர் தூத்நாத் திவாரி என்ற கைதி. தப்பியோடி ஓராண்டுக்கும் மேலாக அந்தமானியருடனே வாழ்ந்தவர் அவர். பேரரசின் கையில் வதைபட்டவனே அப்பேரரசின் கோடரியையும் ஏந்த நேர்ந்தது. இந்த முரணைச் சொல்லாத சுற்றுலா, கைதியின் துயரையும் பாதியாகவே சொல்கிறது.

போர்ட் பிளேரில் இந்த இரு கதைகளும் இரு கட்டடங்களில் பிரிந்து கிடக்கின்றன. கைதிகளைக் காணச் செல்லுலார் சிறைக்கும், தொல்குடிகளைக் காண மானிடவியல் அருங்காட்சியகத்துக்கும் செல்ல வேண்டும். முதலாவதில் வரலாறு, ஆண்டும் பெயருமாக நிற்கிறது. இரண்டாவதில் வில்லும் கூடையும் தோணியும் காலமற்ற பொருள்களாகிவிடுகின்றன. தொல்குடிகளுக்கு வரலாறே இல்லை என்ற எண்ணம் பார்வையாளர் மனத்தில் அங்கேதான் வேர்கொள்கிறது.

தொன்மை என்ற சொல்லுக்கு அந்தமானில் உண்மையாகவே உரியவை வேறு. தலைமுறை தலைமுறையாகத் தின்று எறிந்த சிப்பிகளும் பன்றி எலும்புகளும் சாம்பலும் பானையோடுகளும் சேர்ந்து மேடாகிப்போன சிப்பிக் குவியல்கள் அவை. தொல்லியலறிஞர் சரீன் கூப்பர் தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் அகழ்ந்த மேட்டின் காலம் ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தைக் குறிப்பிடுவதைப் பெருமையுடன் மேற்கோள் காட்டும் நாம், அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மேடுகள் வளரத் தொடங்கியிருந்ததைப் பாடநூலில் சேர்த்ததில்லை. சிலையும் கோபுரமும் இல்லாத இடத்தில் சின்னமும் இல்லை என்று நம் கண் பழகிவிட்டது.

இதற்குத் தீர்வு, வாழும் தொல்குடிகளைத் தேடிப் பயணிகளை அனுப்புவது அன்று. 1956ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதைத் தடுக்கிறது; தடுப்பதே முறை. ராஸ் தீவில் ஒரு பலகை போதும்: 1863இல் இங்கே அந்தமான் இல்லம் தொடங்கப்பட்டது, அதில் வாழ்ந்தோருக்கு இன்னது நேர்ந்தது என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வங்கத்திலும் எழுதலாம். வழிகாட்டிகளுக்கான பயிற்சியில் அரை நாளை இதற்கு ஒதுக்கலாம். எந்தப் பேரந்தமானியர் குடும்பமேனும் தம் முன்னோரின் கதையைத் தாமே சொல்ல விரும்பினால், எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும்.

கல்வெட்டு படிக்கவும் ஆவணம் தேடவும் பயிற்சி பெற்ற மாணவர்கள் ஆண்டுதோறும் அத்தீவுக்குச் செல்கின்றனர். அந்த மாணவி கேட்ட கேள்வியை அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுவரின் முன்னும் கேட்கட்டும். விடை தெரிந்தவர்கள் அதை வழிகாட்டிக்கும் சொல்லிவிட்டு வரட்டும்.